ஒரு சாண் நரம்பு

மரத்தில் செய்த மீனுக்கு இடது கண் வைத்துவிட்டாள். வலது கண் வைக்க வரவில்லை.

கண்ணுக்கு எடுத்த சிவப்பு நகப்பூச்சு மீனின் கன்னத்தில் சொட்டியது. துடைத்தாள். இன்னும் பரவியது.

போகட்டும். வள்ளத்துக்குப் பின்னால் துள்ளி வரும் பொய்மீனை எந்த மீனும் நின்று அழகு பார்ப்பதில்லை.

கல்யாண முருங்கைக் கட்டை. பிஸ்கட் உறையின் உள்பக்க மினுக்கு. வாலுக்கு உரச்சாக்கில் உருவிய வெள்ளை நார். வயிற்றில் உருக்கி ஊற்றிய ஈயம்.

இதற்குத்தான் ஆளைவிட நீளமான கொப்பரன் மீன் ஏமாறுகிறது, அவ்வளவு பெரிய ஈட்டி மூக்கை வைத்துக்கொண்டு.

அவளைப் போல இதைச் செய்ய ஊரில் ஆள் இல்லை. அவளே சொல்லிக்கொள்வாள். மற்றவர்கள் சொல்லக் காத்திருந்தால் கிழவியாகிவிடுவாள்.

இன்று விடிந்ததும் புருஷன் கொண்டுபோனது இதன் ஜோடி.

அதில் ஒன்று குறைந்தது.

பொய்மீனுக்கும் கையில் பிடிக்கும் தடித்த தூண்டில் நரம்புக்கும் நடுவில், ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய நரம்பு வைத்துக் கட்டுவார்கள். வேண்டுமென்றேதான். ஆளை மிஞ்சிய மீன் இழுத்தால் அந்த இடத்தில் அறும். பொய்மீன் போய்விடும். ஆள் வீடு வந்து சேர்வான்.

அந்த ஒரு சாண் அவள் முன்னால் கிடந்தது. நகப்பூச்சு மூடிக்குப் பக்கத்தில்.

மறந்துபோய் விட்டதல்ல. மறந்திருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

போன வாரம் ஒரு கொப்பரன் அறுத்துக்கொண்டு போனது. அற வேண்டிய இடத்தில்தான் அறுந்தது. அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் ஏலக்கூடத்தில் நாலு பேர் சிரித்தபோது அவனும் சேர்ந்து சிரித்தான்.

“எம் பொண்டாட்டி போட்ட முடிச்சு. வேற எப்படி இருக்கும்?”

கூடையோடு பின்னால் நின்றிருந்தாள். சுருக்கென்றது. அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

நேற்று உட்கார்ந்து கட்டினாள். நடுவில் மெல்லியது வைக்கவில்லை. ஒரே தடிமன், கடைசி வரை. முடிச்சுக்கு மேல் முடிச்சு. பல்லால் கடித்து இறுக்கினாள்.

இப்போது இழுத்துப் பார், என்றாள். மீனிடம் சொன்னாளா, அவனிடம் சொன்னாளா, அவளுக்கே தெரியாது.

காலையில் அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கட்டியதை அவன் ஒரு நாளும் சோதித்ததில்லை. ஊருக்கு முன்னால் கிண்டல் செய்கிறவன், கடலுக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறான். முகம் கழுவும்போதுதான் இது உறைத்தது. ஈர முகத்தோடு கரைக்கு ஓடினாள்.

வள்ளம் அலையைத் தாண்டிவிட்டிருந்தது.

தனி ஆள். இடது கை எஞ்சின் பிடியில் இருக்கும். வலது மணிக்கட்டில் நரம்பு, இரண்டு சுற்று. சுற்றாதே என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் சுற்றுவார்கள்.

எதிர்வீட்டு லிகோரிக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. நடுவில் மெல்லியது இருந்ததால் விரலோடு போயிற்று.

வள்ளத்தில் கத்தி இருக்கிறது. முன்பக்கம், சாக்குக்கு அடியில். அவன் உட்காருவது பின்பக்கம்.

போன் போட்டாள். எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள்.

யாரிடமாவது சொல்லலாம். இன்னொரு வள்ளத்தை அனுப்பலாம். என்னவென்று சொல்வது? சிரித்தான் என்பதற்காக மெல்லியதைக் கட்டாமல் விட்டேன் என்றா?

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே காலைப்பொழுது போய்விட்டது.

மாதாவே, இன்றைக்கு ஒரு மீனும் வேண்டாம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் இப்படி வேண்டியது இதுதான் முதல் தடவை.

வெயில் உச்சிக்கு வந்தது. வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறும் சத்தம் கேட்டது. எழுந்து போகவில்லை. போனால் எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.

ஒற்றைக் கண் மீனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. புருஷனின் சித்தப்பா மகன் பெர்க்மான்ஸ். நனைந்த கைலி, வாயெல்லாம் பல்.

“மதினி! அண்ணனுக்கு இன்னைக்கு அடிச்சிருக்குல்லா யோகம்!”

நகப்பூச்சுப் புட்டி உருண்டு தரையில் கொட்டியது. அவள் குனியவில்லை.

“நல்லா கிழக்க நிக்காரு. எஞ்சின் ஓடல. வள்ளம் பின்பக்கமாவே ஆழத்தப் பாத்துப் போவுது. அப்படி இழுக்கு, கொப்பரன்! ஒங்க முடிச்சு என்ன முடிச்சு மதினி! இனி எவன் சிரிக்கான்னு பாப்போம்.”

ஊர் வாயிலிருந்து அவள் கேட்க ஆசைப்பட்டது. கேட்டுவிட்டாள்.

“ஒங்க அண்ணன் ஏதும் சொன்னாரா?”

“காத்துல என்னத்தக் கேக்க? எங்களப் பாத்து எடது கையத் தூக்கித் தூக்கி ஆட்டுனாரு. சந்தோசம் தாங்கல அவருக்கு.”

“நீங்க கிட்ட போகலியா?”

பெர்க்மான்ஸ் முகம் சுருங்கியது. தொழில் தெரிந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

“எப்படி மதினி போவோம்? எங்க எஞ்சின் விசிறி பட்டு அவரு நரம்பு அறுந்துட்டா? அதான் நாலு வள்ளமும் நல்லா வெலகி வந்துட்டோம்.”