நீலப் பாவாடை

பூமாலை தன்னை நோக்கி வந்தபோது டின்சி தலையைக் குனிந்து கொடுத்துவிட்டாள்.

தாய்மாமன் வேதமுத்து காலைப் பேருந்தில் போடியிலிருந்து மலையேறி, நேராகப் பூப்புச் சடங்கு வீட்டுக்குள் நுழைந்திருந்தார். தங்கை மகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். எந்த மகள் என்று அவர் கேட்கவில்லை. பதினைந்து வயதில் மூத்தவள் இருக்கும்போது பன்னிரண்டு வயதுக்காரியை யார் நினைப்பார்கள்?

“ஏங்க, அது மூத்தவ. மாலைய சின்னவளுக்குப் போடுங்க” என்றாள் இரண்டு நாள் முன்பே வந்திருந்த அத்தை, அவர் மனைவி.

தேயிலைத் தோட்ட லயத்து வீட்டின் சிறிய முன்னறை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. இவளுக்கும் சேர்த்து ஒன்று கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று யாரோ மாமாவைக் கேட்டார்கள். சபை உபதேசியார்கூட வேதப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

மாலை விலகிப் போனது. குனிந்த கழுத்தை நிமிர்த்த டின்சிக்குச் சற்று நேரம் பிடித்தது.

இத்தனை நாளும் தங்கை ஞானஜோதிக்குப் பச்சை முட்டை உடைத்துக் கொடுத்தவள் அவள்தான். உளுந்தங்களி கிண்டியவளும் அவள்தான். ஆனால் ஜோதியைச் சுற்றி அமர்ந்து பெண்கள் குரலைத் தாழ்த்தும்போதெல்லாம், சின்னப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று வெளியே அனுப்பப்பட்டவளும் அவளே.

அதையெல்லாம் பொறுத்திருப்பாள். பள்ளிக்குப் போகும் தேயிலைச் சரிவில், யாரும் அருகில் இல்லாதபோது, ஜோதி மாதக்கணக்கில் கேட்டுவந்த கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, உனக்கு இன்னும் ஆகலையா?”

கேலி என்றெண்ணி ஒருமுறை ஜோதியின் கையைக் கன்றக் கிள்ளியிருக்கிறாள்.

இப்போது பட்டுச் சேலையும் மாலையுமாக அமர்ந்திருந்த ஜோதி, படமெடுக்கும் கைப்பேசிகளைப் பார்க்காமல் அக்காவையே பார்த்தாள். டின்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜோதி ஒதுங்கிப் படுத்த பாயை வெந்நீர் அடுப்பில் எரிக்க வேண்டும், எடுத்து வா என்று அம்மா அவளைப் பின்னறைக்கு அனுப்பினாள்.

விறகு அடுக்கை ஒட்டிக் கிடந்த பாயை டின்சி வெடுக்கென்று இழுத்தாள். நான்கைந்து விறகுகள் சரிந்தன. சுவருக்கும் விறகுக்கும் நடுவே செருகியிருந்த பிளாஸ்டிக் பை கீழே விழுந்தது.

உள்ளே, சதுரம் சதுரமாக வெட்டிய நீலத் துணிகள். ஒன்றில் வெள்ளைச் சரிகை ஓரம் இன்னும் ஒட்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு கொடியிலிருந்து காணாமல்போன டின்சியின் பாவாடை.

இந்த வாரம் அம்மா ஜோதிக்குக் கடையில் வாங்கித் தந்த நாப்கின் வேறு. இந்தத் துணிகளோ பலமுறை துவைத்து நிறம் வெளுத்திருந்தன. துவைத்தும் போகாத பழுப்புக் கறைகள் ஒவ்வொன்றிலும் இருந்தன.

வெளியே ஜூன் மாத மழை தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

சடங்குக்கு முன்பே ஜோதி மாதக்கணக்கில் மறைத்தாள் என்று தெரிந்தால், மாலையோடு நிற்க வைத்தே அம்மா அவளை அடிப்பாள். முன்னறையில் இன்னொரு சிரிப்பு எழும்; இம்முறை அது ஜோதிக்காக.

சரிவில் ஜோதி அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியதும் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான்; அக்காவுக்கு முதலில் ஆகட்டும் என்றுதான் காத்திருந்திருக்கிறாள். டின்சி பையைப் பாயின் நடுவில் வைத்து இறுகச் சுருட்டினாள்.

“நீ குடு, நான் எரிக்கிறேன்” என்று அறை வாசலில் அம்மா கை நீட்டினாள்.

“வேண்டாம்மா” என்றாள் டின்சி. “நானே எரிச்சுக்கிறேன்.”