கெளுத்தி கத்துகிறது

உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் வெயில் சாய்ந்து, தண்ணீர் செம்பு நிறத்தில் கிடக்கிறது. மீன்களின் சத்தத்தை ஆராயும் ரோகிணி, காதில் ஹெட்போனோடு கரையில் உட்கார்ந்திருக்கிறாள். முழங்கால் தண்ணீரில் நிற்கும் கணவன் ராம்கி, கேபிளில் தொங்கும் மைக்கை உள்ளே இறக்குகிறான். "இம்புட்டு போதுமா?" "இன்னும் கொஞ்சம் விடுங்க." அதன்பின் பேச்சில்லை, பேசினால் பதிவில் விழுந்துவிடும். மீன் சத்தம் கேட்டால் அவள் கட்டைவிரலைத் தூக்குவாள், அவ்வளவுதான். போன மாதம் ஸ்கேன் அறையிலும் ராம்கி அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டரம்மா குழந்தையின் துடிப்பைத் தேடி வயிறு முழுக்கக் கருவியை நகர்த்தியும் விரல் எழவே இல்லை. இப்போது தண்ணீருக்குள் ஒரு கெளுத்தி, முள்ளை உரசிக் கரகரவென்று கத்துகிறது. பழக்கத்தில் ரோகிணியின் கட்டைவிரல் எழுந்துவிடுகிறது. ராம்கியின் முகம் அப்படியே மலர்கிறது. மலர்ந்த வேகத்தில் அவன் கண்கள் அவளுடைய ஒட்டிய வயிற்றில் போய் விழுகின்றன. வேலை முடியவில்லை என்று தெரிந்தும், தலையைக் குனிந்துகொண்டு கேபிளைச் சுருட்டத் தொடங்குகிறான். அவள் தடுக்கவில்லை. விரலை மடக்கவும் தோன்றவில்லை. மைக் மேலே வர வர, அவள் காதில் சத்தம் தேய்கிறது. மீன் அடியில் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.