இரண்டாவது போர்டு

“வானத்துல இருக்கிற நட்சத்திரமெல்லாம் இன்னைக்கு நான் சொன்னாத்தான் மின்னும், மச்சான்!”

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது மகளின் நாடகக் குழுவில் விளக்குப் பொறுப்பாளர். மேசைமேல் ஏறாத குறையாக முழங்கினார்.

“விளக்கு மாட்ட உங்க போர்டுல இருக்கிறது பன்னெண்டு பின்னு. நட்சத்திரம் இருபத்துநாலு. மிச்சத்தை ஊதி எரிய வைப்பீங்களா, மாப்ளே?” என்றார் மனைவியின் அண்ணன்.

“அதுக்குத்தான் மேடைக்குப் பின்னால இன்னொரு போர்டு. நடுவுல ஒரே ஒரு சீரியல் கேபிள். இது ‘பதினேழு எரி’ன்னு சொல்லும், அது எரிக்கும். ‘அணை’ன்னா அணைக்கும்.”

“ஒரு போர்டு சொல்றதை இன்னொண்ணு கேக்குமா? என் வீட்டுல டிவி ரிமோட்டே என் பேச்சைக் கேக்கறதில்லை!”

மகள் வேகமாக வந்தாள். “அப்பா, போன தடவை சூரியன் பாதியில அணைஞ்ச மாதிரி இன்னைக்கும் ஆச்சுன்னா, நாளையிலேர்ந்து லைட்டுக்கு வேற ஆளு. நீங்க முதல் வரிசையில உக்காந்து கைதட்டினா போதும்.”

மெக்கானிக்கின் மீசை இரண்டு மாடி கீழே இறங்கியது. அவசரமாகப் பையைத் துழாவினார். பிறகு மச்சானின் கையைப் பிடித்தார். “வாங்க, நேர்லயே பாருங்க!” என்று மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனவர், தனியாகத் திரும்பி வந்தார்.

“மாமா எங்கேப்பா?”

“கூடவே உக்காந்து பாக்கறாராம். அவ்வளவு சந்தேகம்!”

திரை விலகியது. ஒன்று, இரண்டு, பத்து என்று இருபத்துநான்கும் பூத்தன. சபை போட்ட ‘ஆ’வில் கூரை நாலு அங்குலம் எழும்பி உட்கார்ந்தது.

நாடகம் முடிந்ததும் மகள் ஓடி வந்தாள். “வலது பக்க நட்சத்திரமெல்லாம் தயங்கித் தயங்கி, நிஜ வானம் மாதிரியே மின்னுச்சுப்பா! இனி எப்பவும் நீங்கதான் லைட்டு!”

வியர்வையில் நனைந்து வெளியே வந்தார் மச்சான்.

“இப்பவாவது ஒத்துக்கறீங்களா, மாமா?”

“ஒத்துக்கறேன்மா. இங்கேருந்து சொன்னது ஒண்ணு விடாம அங்க எரிஞ்சுது. கண்ணால பார்த்தேன்.”

அவள் நகர்ந்ததும் மாப்பிள்ளையின் காதில் குனிந்தார். “நாளைக்காவது அந்த ரெண்டாவது போர்டை வீட்டுல மறந்துட்டு வராதீங்க. கேபிளை உங்க லேப்டாப்புல சொருகி, அதுல வர்ற நம்பரைப் பார்த்துப் பார்த்து, பன்னெண்டு ஒயரையும் பேட்டரியில தொட்டுத் தொட்டு எடுத்து, என் விரலே மரத்துப்போச்சு!”