கண்டக்டர் கொடுத்த சீட்டு

பஸ் டெப்போ மேனேஜரின் அறைக்குள் கணவனும் மனைவியும் தயங்கித் தயங்கி நுழைந்தார்கள்.

"சார், ஏழாம் நம்பர் பஸ் கண்டக்டர் தினமும் என் முகத்தையே உத்துப் பார்ப்பார். போன மாசம் ஒருநாள் இந்தச் சீட்டைக் கையில திணிச்சுட்டார்..." என்று அவள் ஆரம்பித்ததுமே மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறியது.

"போதும்மா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

ஆள் விட்டுக் கண்டக்டரை வரவழைத்தார். "தலை நரைச்சும் புத்தி வரலையாய்யா? சீட்டு குடுத்தியா, இல்லையா?"

"குடுத்தேன் சார்" என்று கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், முதல்ல அதைப் படிங்க" என்றான் கணவன்.

அவள் நீட்டிய சீட்டை மேனேஜர் வேண்டாவெறுப்பாகப் பிரித்தார்.

'அம்மா, கூட்டத்தில் சொன்னால் சங்கடப்படுவீர்கள் என்று எழுதித் தருகிறேன். உங்கள் கண் நாளுக்கு நாள் மஞ்சளாகிறது. படி ஏறவே மூச்சு வாங்குகிறது. என் மனைவிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.'

"என் உடம்பே என் ரத்த அணுக்களை அழிச்சிட்டிருந்ததாம் சார். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இதயம் தாங்கியிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். அன்னிக்கு இதைப் படிக்காமலே இவரைத் திட்டிட்டு இறங்கினேன். இன்னிக்கு நன்றி சொல்ல வந்தேன்." அவள் கண்டக்டரிடம் திரும்பினாள். "உங்க வீட்டம்மா இப்ப எப்படி இருக்காங்கண்ணே?"

"அவ போயிட்டாம்மா. அவளுக்கு அப்ப எடுத்துச் சொல்ல ஆளில்ல. நீங்க நல்லாயிருக்கீங்களே, அது போதும்."

மேனேஜர் எழுந்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கண்ணே" என்றார்.