ஓவர்டேக் செய்யாதவர்

சேலையூரில் ஜாய்சன் வீட்டு மாடியில் கார் கிளப் கூட்டம். மார்கழிப் பனியில் எல்லோரும் சேர்ந்து ஏற்காட்டுக்குக் காரில் போவது வருஷா வருஷம் நடப்பது. ஏற்பாடு முழுக்க ஜாய்சன்தான்.

இந்த வருஷம் தோத்தாத்ரி விடாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடைசி வண்டியில ஒரு மெக்கானிக் வரணும் தம்பி. நிக்கிற இடத்துல எல்லாம் யார் வந்தாங்க, யார் வரலைன்னு பார்க்கணும். ஓட்டும்போது போனை அணைச்சு வைக்கணும்கிற ரூலையும் எடுத்துடுங்க."

ஜாய்சனுக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் போன பயணத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருப்பவன் அவன்.

"போன தடவை என்ன சார் குறை? ஒழுங்கா ஓட்டினதுக்கு உங்களுக்குத்தானே ஷீல்டு அனுப்பினேன்? வழியில நீங்க ஒருத்தரைக்கூட ஓவர்டேக் பண்ணலைன்னு எல்லாரும் சொன்னாங்களே."

தோத்தாத்ரி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படிப் பண்ணுவேன்? திண்டிவனத்துலயே என் வண்டி நின்னுபோச்சு. யாராவது திரும்பி வருவீங்கன்னு சாயங்காலம் வரைக்கும் ரோட்டோரமா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பஸ் ஏறித் தாம்பரம் வந்துட்டேன். மறுவாரம் ஷீல்டு வந்துச்சு."