செவலையும் ஆறு முட்டைகளும்

கோழி பேசினால் சேவல் மறுபேச்சுப் பேசும் காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஞானப்பூ என்பவள் செவலை என்றொரு கோழி வளர்த்தாள். ஒருநாள் கூடையில் ஆறு முட்டை வைத்து, செவலையை அடைக்கு உட்காரவைத்து, "ஆண்டவரே, நீரே பாத்துக்கிடும்" என்று ஜெபித்துவிட்டுப் போனாள்.

இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்க வேண்டும். இருபத்திரண்டாம் நாளும் முட்டைகளில் ஒரு சத்தமும் இல்லை.

"எல்லாம் கூமுட்டைதாம்டி! எந்திரிச்சு வா, குப்பையில புழு துள்ளுது" என்றது சேவல்.

"நான் எந்திரிச்சா முட்டை குளுந்து போகும் மச்சான்."

"உள்ள ஒண்ணும் நடக்கல. வேணும்னா ஒண்ணைக் கொத்திப் பாரேன்!"

செவலைக்கும் ஆசைதான். அலகைக்கூட ஓங்கிவிட்டது. அப்புறம் என்ன நினைத்ததோ, அலகை இறகுக்குள் செருகிக்கொண்டது.

"நான் சூடுதான் குடுக்கேன். உள்ள வேலை பாக்குறவரு வேற."

"அவருக்கு நாள் கணக்கு மறந்துபோச்சு போல!"

தினமும் வந்து சேவல் இதையே சொல்லிச் சிரித்தது. செவலை அசையவில்லை.

இருபத்தெட்டாம் நாள் காலையில் ஆறும் பொரிந்தன. ஞானப்பூ ஓடிவந்தாள்.

"தோத்திரம் ஆண்டவரே! வாத்து முட்டைக்கு ஒரு வாரம் கூட ஆகும்னு உங்கிட்ட நான் சொல்லவே இல்லையே செவலைத் தாயி!"

சேவல் கூடைக்குள் எட்டிப் பார்த்தது. "என்னடி இது, வாயி இம்புட்டு அகலமா இருக்கு?"

செவலையும் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போனது. பிறகு ஆறையும் இறக்கைக்குள் சேர்த்துக்கொண்டு, "கேட்டதைவிடக் கொஞ்சம் தாராளமாவே குடுத்துட்டாரு" என்றது.

சேவல் குப்பைமேட்டுப் பக்கமாக நடந்துபோனது.