தோராபின் பங்கு

"தோராப் செத்துட்டானே தம்பி!" என்றார் ஊர் ஊராய்ப் பாடித் திரியும் பாவுல் பக்கிரி, ஏக்தாராவின் ஒற்றைத் தந்தியை முறுக்கியபடி.

குஷ்டியாவுக்குப் பஸ்ஸில் வந்த களைப்பெல்லாம் மொக்சேதுக்குப் பறந்துபோனது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே பாட்டுப் பைத்தியம் பிடித்து வீட்டை விட்டு ஓடிய அண்ணன் தோராப். அப்பாவின் எட்டு பிகா வயலில் பாதி அந்த அண்ணனுக்கு; அதை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கத்தான் மொக்சேது பத்திரத்தோடு வந்திருந்தான். இனி முழுதும் மொக்சேதுக்கே.

"நிச்சயமா? நாளைக்கு வந்து பங்கு கேட்டுட்டா?"

"வரமாட்டான். கண்ணைக் கட்டி, பிணத்துக்குப் போர்த்துற கஃபன் துணியைப் போர்த்தி, ஏழு சுத்து சுத்தினாங்க. எங்க கூட்டமே பாடிச்சு. நானும் அங்கதான் இருந்தேன்."

"சாவுலயும் பாட்டா? நல்ல கூட்டம்யா! எங்க புதைச்சீங்க?"

"புதைக்கலையே."

"அப்ப கஃபனை என்ன பண்ணீங்க?"

பக்கிரி, தாம் உடுத்தியிருந்த வெள்ளைத் துணியின் நுனியைத் தூக்கிக் காட்டினார்.

"இருபது வருஷமா துவைச்சுத் துவைச்சுக் கட்டுறேன். இதைப் போர்த்திக்கிட்ட அன்னைக்கே நாங்க உலகத்துக்குச் செத்தவங்க. தோராபுக்கு எதுக்குப்பா வயல்? நீயே உழுது சாப்பிடு."

மொக்சேது பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். மண்ணில் உட்கார்ந்தான்.

"அன்னைக்குப் பாடினதை ஒரு தடவை பாடுங்க... அண்ணே."